ஹாக்கி காட்டிய ஞாயிற்றுக்கிழமை

"ஆட்டத்த நானா ஆடறேனுங்க பெரியவரே? ஜனம் கேக்கறதப் போடறேன். ஹாக்கிய யாரு கேக்கறா, சொல்லுங்க?"

பொன்னுவேல் ஒரு ரேடியோவின் வயிற்றைப் பிளந்து வைத்துக்கொண்டு தலை நிமிராமல்தான் பேசினான். தேவசிகாமணிக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. முகத்தைக் காட்டாமல் பேசுகிறவன் பொய் பேசுகிறான் என்பது அவருடைய எண்ணம். முகத்தைக் காட்டிப் பேசுகிறவன் பழகின பொய்யன் என்பதும் அவருடைய எண்ணம்தான்.

"நான் கேக்கறேனில்ல?"

"நீங்க ஒரு ஆளுங்க. அதுவும் உங்க ஊட்டுல டிவியே இல்ல."

"மல்லிகா ஊட்டுல இருக்குது. செவுத்துக்கு அந்தப் பக்கந்தான."

"அப்ப மல்லிகாக்கா வந்து கேக்கட்டும்."

ஒண்டிக்கடை என்கிற முக்கில் பொன்னுவேல் வைத்திருந்தது ரிப்பேர் கடை. போன கோடையில்தான் கேபிளும் ஆரம்பித்தான். கடை மாடியில் கல்யாண வீட்டு அண்டா மூடி மாதிரி பெரிய டிஷ் ஒன்றை நிறுத்தி, அங்கிருந்து சில்வர் ஓக் மரத்துக்கு மரம் கம்பி இழுத்து, லாட்ஜுக்கும் டீக்கடைக்கும் எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் படம் கொடுத்தான். விளையாட்டுக்கு என்று இருந்தது அந்த ஒரே டிஷ்தான். கிரிக்கெட் நடக்கும்போது பேச்சே இல்லை, மலை முழுக்கக் கிரிக்கெட்தான். அந்த மாதம் கிரிக்கெட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு சாட்டிலைட்டில் அமெரிக்காக்காரன் பேஸ்கட்பால் ஆடுவான். அதே நேரத்துக்கு இன்னொரு சாட்டிலைட்டில் நம் நாட்டுக் கம்பெனி டீம்கள் சம்பளத்துக்கு ஆடும் ஹாக்கி. இரண்டு சாட்டிலைட்டும் வானத்தில் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. மாற்றவேண்டுமென்றால் நட்டைக் கழற்றி டிஷ்ஷைத் திருப்பிப் படத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். மயிரிழை தள்ளினாலும் ஒன்றும் வராது. பாதி நாள் வேலை.

"சனிக்கிழமை வீடு வீடா வசூலுக்குப் போவேனுங்க. எந்த ஆட்டத்துக்கு ஆள் ஜாஸ்தியோ அதுக்குத் திருப்பறேன். போதுமா?" என்றான் பொன்னுவேல்.

எதற்காக ஹாக்கி வேண்டும் என்பதைத் தேவசிகாமணி அப்போதும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் அன்றைக்கே திருப்பியிருப்பான். ஆனால் செத்துப்போன பிள்ளையைக் காட்டி ஓட்டுக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

பிள்ளை பேர் ஆரோக்கியதாஸ். ஒரே பிள்ளை. கவாத்து வெட்டிப் போட்ட காப்பிக் கம்பில் வளைந்ததாகப் பொறுக்கி எடுத்து, லைன் வாசலில் கல்லை அடித்து ஆடிப் பழகினவன். வடக்கே ஒரு கம்பெனி அவனை டீமில் எடுத்துச் சம்பளமும் தருகிறது என்று ஓடிவந்து சொன்னபோது தேவசிகாமணி நம்பவில்லை. "பந்தடிக்கறதுக்கு எவன்டா சம்பளம் குடுப்பான்? எங்கியோ ஓட்டல்ல எலை எடுக்கப் போற, அத நேராச் சொல்லிட்டுப் போ" என்றார். அவன் பையைத் தூக்கிக்கொண்டு அடிவாரம் பஸ்ஸில் ஏறினான். போன வருஷம் அவன் டீம் பெரிய பந்தயம் ஜெயித்து, அதை டிவியில் காட்டியபோது மலையில் கேபிள் இல்லை. யாரும் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல். வடக்கேயிருந்து ரயிலில் சேலம் வந்து, சேலத்திலிருந்து வேனில் பெட்டி வந்தது. ஆணியடித்த பெட்டி. திறக்கக் கூடாது என்று அங்கேயே சொல்லியனுப்பியிருக்கிறார்கள் என்றான் வேன் டிரைவர். பெற்றவள் லூர்துசெல்வி பலகையை நகத்தால் பிறாண்டினாள். "ஒரு தடவ முகத்தப் பாத்துக்கறேனுங்க, ஒரே தடவ" என்று ஒவ்வொருத்தர் காலிலும் விழுந்தாள். யாரும் திறக்கவில்லை. தேவசிகாமணியும் திறக்கவில்லை. கல்லறையில் மண் தள்ளும்போது, உள்ளே இருக்கிறது அவன்தானா என்று ஒரு நினைப்பு அவருக்கு வந்தது. வந்த நினைப்பு போகவே இல்லை. அதை அவர் பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை.

இப்போது அவனோடு ஆடின பையன் ஒருத்தன் மாதா கோயிலுக்குப் பக்கத்து டெலிபோன் பூத்துக்குப் போன் போட்டு, செல்வியைக் கூப்பிடச் சொல்லி, அந்தப் பழைய ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் திரும்பக் காட்டப்போகிறார்கள் என்று சொல்லியிருந்தான். "உங்க பையன் கோல் போட்ட ஆட்டம்மா. பாருங்க." அன்றிலிருந்து செல்விக்குச் சோறு இறங்கவில்லை. வேறு பேச்சும் இல்லை.

தேவசிகாமணி பாப்பாத்தியின் டீக்கடைக்குப் போனார். பொன்னுவேல் கடைக்கு நேர் கீழே இருக்கிறது அது. கேபிள் வந்தபிறகு அங்கே பெஞ்சு கூடிவிட்டது.

"ஞாயித்துக்கெழம ஹாக்கி போடச் சொல்லுங்கப்பா. பொன்னுவேலு கேட்டா எல்லாரும் அப்படியே சொல்லுங்க."

மாதப்பன் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். கிளியூர்ப் பக்கம் காடு வைத்திருக்கிறவன். "ஏனுங்க, ஹாக்கில பந்து இருக்குதுங்களா? நானும் ஒரு நாள் பூராப் பாத்தேன். கண்ணுக்கே தெரியல. எலுமிச்சங்கா அளவு ஒண்ண வெச்சுட்டு நெலமெல்லாம் ஓடறானுங்க. ஆளுங்களே எறும்பாட்டந்தான் இருக்கறாங்க."

"பேஸ்கட்பாலுன்னா பூசணிக்கா அளவு பந்து" என்றான் இன்னொருத்தன். "ஒவ்வொருத்தனும் பனமரம். வேர்க்கறது வரைக்கும் தெரியுது. மூச்சு விடறதுக்குள்ள கூடைல போட்டுடறான். ஹாக்கில ஒரு கோலுக்குப் போயி ஒரு மணி நேரம் எவன் உக்காந்திருப்பான்?"

"நம்மூருப் பசங்க ஆடறதுடா" என்றார் தேவசிகாமணி.

"நம்ம பசங்கதான், ஆருங்க இல்லேன்னது? ஆனா டிவிக்கு அது ஒத்து வரலீங்களே."

"உனக்கு என்னடா தெரியும், ராகி வெதைக்கறவனுக்கு?"

"உங்களுக்கு மட்டும் என்ன தெரியுமுங்க? பையன் ஆடப் போனப்ப ஊரே கேக்கற மாதிரி நீங்கதான் திட்டுனீங்க."

பாப்பாத்தி மாதப்பனை முறைத்தாள். "வாய வெச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டியா?" என்றாள். தேவசிகாமணி ஊற்றி வைத்த டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

லாட்ஜுக்கும் போனார். அங்கே வரவு போக்கு எல்லாம் பார்க்கிறவன் அங்கப்பன். போர்டிங் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விட்டிருக்கிற பணக்காரர்கள் வாரக் கடைசியில் வந்து அங்கேதான் தங்குவார்கள்.

"வர்ற பசங்க வேற எதையும் பாக்கறதில்லீங்க" என்றான் அங்கப்பன். "போன வாரம் ஓடுன பேஸ்கட்பால கேசட்டுல புடிச்சுக் குடுன்னு ஒரு பையன் அழுது, புடிச்சும் வெச்சிருக்கறேன். கேபிள் அந்துபோனாக்கூட அந்தக் கேசட்ட டெக்குல போட்டு டிவில ஓட்டிச் சமாளிச்சுக்குவேன். நான் போயி ஹாக்கிக்குக் கை தூக்குனா மொதலாளி என்னைய அனுப்பிடுவாரு."

கேசட், டெக் என்ற பேச்செல்லாம் தேவசிகாமணி காதில் ஏறவில்லை. மாட்டேன் என்கிறான் என்பது மட்டும் ஏறியது. அதற்குப்பிறகும் லைன் லைனாக நடந்தார். ஹாக்கி போடச் சொல்லுங்கள் என்று அதட்டுகிற மாதிரியே எல்லாரிடமும் கேட்டார். அதட்டினால் எவன் கேட்பான்? தலையை ஆட்டிவிட்டு, சனிக்கிழமை பொன்னுவேல் வந்தபோது பேஸ்கட்பால் என்றார்கள்.

அது தெரிந்ததும் செல்வி புருஷனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே ஒண்டிக்கடைக்குப் போனாள். பொன்னுவேல் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து, பிறாண்டின பெட்டியிலிருந்து டெலிபோன் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். பொன்னுவேல் சால்டரிங் கம்பியை அணைத்துவிட்டான்.

"மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா அத்தை? அவனும் நானும் ஒண்ணா மாங்கா அடிச்சவிங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து ஜனம் வெளியே வரும்போது பொன்னுவேல் கோயில் கேட்டுக்கு எதிரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கையெல்லாம் கிரீஸ்.

"விடியறதுக்குள்ளயே ஏறித் திருப்பிட்டேனுங்க பெரியவரே. ஹாக்கி கண்ணாடியாட்டம் வருது. மூணு மணிக்கு ஊட்டுல போயி உக்காருங்க. ஆரு வந்து கேட்டாலும் இன்னைக்கு மாத்த மாட்டேன்."

செல்வி அழுதுவிட்டாள். தேவசிகாமணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று வரைக்கும் மாட்டேன் என்றவன். லாட்ஜ் முதலாளியை இவன் பகைத்துக்கொள்வானா? பொம்பளை அழுததற்காக ஒரு பேச்சுக்குச் சொல்லி அனுப்புகிறான். மூன்று மணிக்குப் படம் வரவில்லை என்றால் மழை என்பான், மூடுபனி என்பான். எஸ்டேட்டில் கூலிக் கணக்கு எழுதுகிற ரைட்டரும் இப்படித்தான் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் செல்வி மல்லிகா வீட்டுக்குப் போய் டிவி முன்னால் பாய் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மகன் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி தலை சீவி, வெளுத்த சேலை கட்டியிருந்தாள். "வாங்க, ஆரம்பிக்கப் போறாங்க" என்றாள். "நீ பாத்துட்டிரு. இதோ வர்றேன்" என்று தேவசிகாமணி கிளம்பிவிட்டார். பொன்னுவேல் சொன்னது நிஜமா என்று ஒண்டிக்கடை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்கு உட்கார முடியும்.

மூடுபனி இறங்கிவிட்டிருந்தது. ரோட்டில் எதிரே வருகிற ஆள் பக்கத்தில் வந்தபிறகுதான் ஆளாகத் தெரிந்தான். லாட்ஜைத் தாண்டும்போது உள்ளேயிருந்து கூச்சல் கேட்டது. ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

டிவியில் பேஸ்கட்பால் ஓடிக்கொண்டிருந்தது.

நெட்டை நெட்டையாக அமெரிக்காக்காரர்கள் எகிறிக் கூடையில் பந்தைப் போட்டார்கள். பிள்ளைகள் கை தட்டின. மணி மூன்றைத் தாண்டிவிட்டது. தேவசிகாமணி ஜன்னலை விட்டு விலகினார். "ஏமாத்திட்டான்" என்று வாய்விட்டே சொன்னார்.

ஒண்டிக்கடைக்கு அந்த வயசில் ஓடினார். டீக்கடை டிவி எதிரே ஏகப்பட்ட கூட்டம், எல்லாருக்கும் முதுகுதான் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பொன்னுவேல் கடை பூட்டியிருந்தது. கிளியூர் ரோட்டில் குரங்கு கம்பியை அறுத்துவிட்டது என்று அவன் போயிருந்தது இவருக்குத் தெரியாது. ஓடி ஒளிந்துகொண்டான் என்று நினைத்தார். பின்பக்கப் படியில் ஏறி மாடிக்குப் போனார்.

டிஷ் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலடியில் ஸ்பேனர் கிடந்தது. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் ஹவுஸில் நட்டு முடுக்கியே தேய்ந்த கை அவருடையது, நட்டு அவருக்குப் புதிதில்லை. எந்தச் சாட்டிலைட் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை, சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டார். இப்போது பேஸ்கட்பால் ஓடுகிறது. அப்படியானால் திருப்பினால் ஹாக்கி. வேறென்ன? இந்த மலையில் கேபிளுக்கு முன்னால் எல்லாரும் அப்படித்தானே செய்தார்கள்? ஒருத்தன் ஓட்டில் ஏறி ஆன்டெனாக் குழாயைத் திருப்புவான், "வந்துச்சா?" என்று கத்துவான். கீழேயிருந்து பெண்டாட்டி "இல்ல, இன்னுங் கொஞ்சம்" என்பாள். கடைசியில் வந்துவிடும்.

நட்டைக் கழற்றினார். டிஷ்ஷைத் தோள் கொடுத்துத் தள்ளினார். அது முனகிக்கொண்டு கிழக்கே சாய்ந்தது.

மாடி விளிம்புக்கு வந்து மூடுபனிக்குள் கத்தினார். "வந்துச்சா?"

கீழே டீக்கடையில் பெரிய கூச்சல். பாப்பாத்தி வெளியே ஓடிவந்தாள். அவள் முகம் தெரியவில்லை, குரல்தான் தெரிந்தது.

"போச்சு! எல்லாம் போச்சு! ஆரது மேல?"

"ஹாக்கி வந்துச்சான்னு கேக்கறேன்!"

"வந்துட்டிருந்த ஹாக்கிதானுங்க போச்சு! தேவசிகாமணி அண்ணனா அது? ஐயோ, உங்க பையன் முகத்தத்தானுங்க காட்டிட்டு இருந்தாங்க! நாங்கல்லாம் அவனத்தானுங்க பாத்துட்டு இருந்தோம்!"

ஸ்பேனர் கையிலிருந்து விழுந்தது. "லாட்ஜுல பேஸ்கட்பால் ஓடுச்சே" என்றார். அது கீழே யாருக்கும் கேட்டிருக்காது.

மாதப்பன் படியேறி வந்தான். மாடியில் நிற்கிறவரைப் பார்த்தான், சாய்ந்து கிடக்கிற டிஷ்ஷைப் பார்த்தான். "அது டெக்குங்க. ஹாக்கி வேண்டாம்னு அங்கப்பன் கேசட்டப் போட்டுட்டான்" என்று மெதுவாகச் சொன்னான். அன்றைக்கு அவனுக்குக் கேலி வரவில்லை.

இரண்டு பேருமாகத் தள்ளிப் பார்த்தார்கள். இருந்த இடத்துக்கே தள்ளிவிட்டதாகத்தான் தோன்றியது. கீழேயிருந்து "இல்ல, இல்ல" என்றே பதில் வந்தது. யாரோ சைக்கிளில் போய்ப் பொன்னுவேலைக் கூட்டிவந்தார்கள். அவன் ஏறிவந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவும் இல்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, "ஊட்டுக்குப் போங்க பெரியவரே. நான் புடிச்சுத் தர்றேன்" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மல்லிகா வீட்டில் டிவி படமில்லாமல் புள்ளி புள்ளியாகப் பொரிந்துகொண்டிருந்தது. அதற்கு எதிரே செல்வி கண்ணை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மல்லிகா சுவரோரம் நின்றிருந்தாள். தேவசிகாமணி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். செல்வி திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் கையைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் கிரீஸ்.

"நீங்களா?"

"ஆமா."

"திருப்பிட்டேன்னு அந்தப் பையன் சொன்னானில்லீங்க?"

"சொன்னான்."

"நம்பலீங்களா?"

டிவி பொரிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. செல்வி மறுபடியும் அதன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அன்னைக்கு நம்ம பையனையும் நம்பலீங்க நீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. அது இல்லாததுதான் அவரை அறுத்தது.

அவரே கேட்டார். "பாத்தியா?"

"பாத்தேனுங்க. மொதல்ல ஒண்ணும் புரியல, எல்லாம் தூரத்துல ஓடுனாங்க. அப்பறம் இவன் கோல் போட்டான்னு மல்லிகா கத்துச்சு. உடனே பக்கத்துல காட்டுனாங்க. நின்னு தண்ணி குடிச்சான். பாட்டில மேல தூக்கி, வாய் வெக்காம, நம்ம ஊட்டுல சொம்புல குடிப்பானே, அதே மாதிரி. அப்பறம் வாயத் தொடச்சுட்டு இந்தப் பக்கம் திரும்புனான். திரும்பிச் சிரிக்க வாயத் தொறந்தான். அப்பப் போயிடுச்சுங்க."

"அவன்தானா?"

"பெத்தவளுக்குத் தெரியாதுங்களா?"

அவர் தலையை ஆட்டினார். மண் தள்ளின நாளிலிருந்து மனசில் கிடந்த கேள்வியை, பெட்டியைப் பற்றி இல்லாவிட்டாலும், அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டிருந்தார். பதிலும் கிடைத்துவிட்டது. ஆனால் அவர் கண் பார்க்கவில்லை. கண்ணால் பார்க்காத எதையும் நம்புகிற மனசு அவருக்குக் கிடையாது.

வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. மல்லிகா விளக்கைப் போடப் போனாள், செல்வி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அப்போது பொரி விலகியது. கோடு கோடாக ஓடி, ஆடி, படம் நின்றது.

பச்சைத் தரை. ஆட்டம் முடிந்துவிட்டிருந்தது. கேமராவை எங்கோ கூரை உயரத்தில் வைத்திருந்தார்கள். கூட்டம் கூட்டமாக ஆட்கள் கை குலுக்கிக்கொண்டு, மட்டையை இழுத்துக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். மாதப்பன் சொன்னது சரிதான். எறும்பு மாதிரிதான் இருந்தார்கள்.

"எது?" என்றார் தேவசிகாமணி.

"தெரியலீங்களே. பக்கத்துல காட்டுனாத்தான் தெரியும்."

அவர் எழுந்தார். டிவிக்கு முன்னால் போய் மண்டியிட்டு, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். கிட்டே போகப் போக ஆட்கள் வெறும் புள்ளியாகக் கலைந்தார்கள். ஓரத்தில் தனியாகப் போன ஒரு புள்ளியின்மேல் விரலை வைத்தார்.

"இதா, செல்வி?"

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இல்லீங்க. அவன் நடை அப்படி இருக்காது."

விரலை நகர்த்தினார். "இது?"

"நகருங்க, மறைக்குது... இல்லீங்க, அதுவும் இல்ல."

"இது பாரு. இது அவன்தான? சொல்லு, இது அவன்தான?"

செல்வி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் படம் மாறிச் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. யாரோ ஒரு பெண் முகத்தில் நுரையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தாள். தேவசிகாமணியின் விரல் அவள் கன்னத்தின்மேல் இருந்தது. அவர் எடுக்கவில்லை. விளம்பரம் முடிந்தால் திரும்பக் காட்டுவார்கள் என்று சொன்னார். காட்டவில்லை.

அவர் விரலை எடுத்தபோது கண்ணாடியில் கிரீஸ் தடம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. துணியோடு துடைக்க வந்த மல்லிகா, செல்வி அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, துணியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.